சைலன்சரைத் திறக்கும் முன் செயினைப் பாருங்கள்: செயின் சா கேள்வி பதில்

போன இதழில் செயின் சா (மரம் அறுக்கும் சங்கிலி வாள்) பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இந்த மாதப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன, ஆகவே பைக், பம்புசெட் ஆசாமிகள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மெஷினுக்கு "வேலை செய்து" வேகம் ஏற்றலாமா, ஏற்றினால் எத்தனை நாள் தாங்கும்.

கஜா புயலில் விழுந்த தென்னைகளை அறுக்க ஒரு 58 சிசி சீன மெஷின் வாங்கினேன். அப்போது நன்றாக ஓடியது. இப்போது ஒரு மரத்தைத் துண்டு போடுவதற்குள் நமக்கே மூச்சு வாங்குகிறது. சைலன்சரில் இன்னொரு ஓட்டை போட்டால் பவர் கூடும் என்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். போடலாமா?
(பேராவூரணி வாசகர்)

போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் மெஷின் எதைக் கொட்டுகிறது என்று பாருங்கள். கூர் இருக்கிற செயின் தேங்காய்த் துருவல் மாதிரி சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கிய செயின் மாவாகக் கொட்டும். மாவு கொட்டினால், அல்லது பாரை (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நீங்கள் அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால், அல்லது வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், உங்கள் இன்ஜினில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. குறை செயினில். 2018 நவம்பரில் புயல் அடித்த பிறகு டெல்டா முழுக்க இந்த மெஷின்கள் வந்து இறங்கின, மெஷின் வாங்கின அத்தனை பேரும் அரம் வாங்கவில்லை. அந்தச் சமயத்தில் "பவர் இல்லை" என்று என் பட்டறைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் செய்த ரிப்பேர், செயினுக்கு அரம் போட்டது மட்டும்தான்.

தென்னை வேறு சாதாரண மரம் இல்லை. நடுவில் சோறு, வெளிச்சுற்று இரும்பு. மற்ற மரத்துக்கு வைரம் உள்ளே என்றால் இதற்கு வைரம் வெளியே. அறுக்கும் பல் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெளிக்கூட்டை இரண்டு முறை சந்திக்கிறது. அதோடு கீழே விழுந்த மரத்தில் ஒட்டியிருக்கிற மண்ணும் மணலும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் கூர் போய்விடும். பாரின் நுனி தரையை ஒரு தரம் தொட்டாலே போதும், மறுபடி அரம் எடுக்க வேண்டியதுதான்.

உங்கள் மெஷினில் அநேகமாக 325 பிட்ச் (கண்ணி இடைவெளியைக் குறிக்கும் அளவு) செயின் இருக்கும், அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். (சின்ன மெஷின்களில் வரும் மெல்லிய 3/8 செயினுக்கு 4 மில்லி, பெரிய மெஷின்களின் 3/8க்கு 5.2 அல்லது 5.5.) பல்லின் மேலேயே 30 டிகிரி கோடு போட்டிருப்பார்கள், அந்தச் சாய்விலேயே உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. வலப்பக்கப் பல் நீளமாகவும் இடப்பக்கப் பல் குட்டையாகவும் ஆகிவிட்டால் வெட்டு வளையும். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதுமே நன்றாக வரும், இன்னொரு பக்கம் சொதப்பும். எனக்கும் அப்படித்தான்.

இதில் பலர் மறப்பது பல்லுக்கு முன்னால் சுறா முதுகு மாதிரி நிற்கும் சிறு மேட்டை, ரேக்கர் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். அரம் போடப் போடப் பல் தேய்ந்து உயரம் குறையும், ரேக்கர் அப்படியே நிற்கும், கடைசியில் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடவே தொடாது. பல்லை விட ரேக்கர் 0.65 மில்லி தாழ்ந்திருக்க வேண்டும். நான்கைந்து தடவை அரம் போட்டதும் கேஜ் வைத்துப் பார்த்துத் தட்டை அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு. "இன்னும் கொஞ்சம் இறக்கினால் வேகமாக அறுக்குமே" என்று இறக்கினால் மெஷின் மரத்தைக் கடித்துக்கொண்டு கையிலிருந்து பிடுங்கும்.

இந்தப் பல்லின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆரம்ப காலச் செயின்களில் கைவாள் போல நேரான பற்கள்தான், மரத்தைச் சுரண்டும், அடிக்கடி அரம் கேட்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பஃபர்ட் காக்ஸ் என்ற மரம் வெட்டி 1946இல் ஒரு மரத்துண்டில் வண்டுப் புழு ஒன்று தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். விரல் பருமன் புழு, இழைக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் இரண்டு வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு போகிறது. அந்தத் தாடையைத்தான் இரும்பில் செய்தார், 1947இல் கம்பெனி தொடங்கினார். இன்று உங்கள் செயினில் இடம் வலமாக மாறி மாறி வரும் பல் அந்தப் புழுவின் வாய். காண்டாமிருக வண்டோடு மல்லுக்கட்டும் தென்னை விவசாயிக்கு இது கொஞ்சம் எரிச்சலான செய்தியாக இருக்கலாம்.

எஸ்டேட்டில் சில்வர் ஓக் அறுக்க 72 சிசி மெஷின் வைத்திருக்கிறேன். செயின் எல்லாம் சுத்தம், நானே அரம் போடுவேன். சைலன்சர் மட்டும் மாற்றலாம் என்று ஆசை. முறை என்ன?
(ஏற்காடு வாசகர்)

செயினைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் கேட்பதால் நேராகச் சொல்கிறேன். செய்கிற செலவுக்குப் பலன் தெரிகிற மாற்றம் இது ஒன்றுதான். சத்தத்துக்கும் புகைக்கும் பயந்து கம்பெனிக்காரர்கள் சைலன்சரின் வாயை ரொம்பவே சுருக்கி வைத்திருப்பார்கள். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துவாரம் பெரிதாக இருக்கும், வெளியே போகிற வழி சுண்டுவிரல் அளவு. வெளிவாயின் மொத்தப் பரப்பு எக்ஸாஸ்ட் துவாரத்தின் பரப்பில் முக்கால் பங்கு வரை வரலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போனால் சத்தம்தான் கூடும்.

சைலன்சரைக் கழற்றி, பிரித்து, உள்ளே தகட்டில் இருக்கும் சின்ன ஓட்டைகளைப் பெரிதாக்கி, வெளியே இன்னொரு வாய் வைத்து, தகட்டுச் சீவல் ஒன்றுகூட உள்ளே தங்காமல் கழுவிய பிறகுதான் மாட்ட வேண்டும். சிலிண்டரில் மாட்டியபடியே டிரில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சீவல் போய்ச் சேரும் இடம் பிஸ்டன். புது வாய் உங்கள் கையைப் பார்த்தோ, பிளாஸ்டிக் பாடியைப் பார்த்தோ, செயின் பக்கமோ இருக்கக் கூடாது. தீப்பொறி தடுக்கும் கம்பி வலையை எடுத்துவிடாதீர்கள், புது வாய்க்கும் ஒரு வலை வையுங்கள். மாசி, பங்குனியில் மலையில் காய்ந்த சருகு எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதுதான் முக்கியமான இடம். வெளியே போகும் வழி திறந்தால் உள்ளே வரும் காற்று கூடும், பெட்ரோல் அதற்கேற்ப ஏறாது. கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் மெஷின் அருமையாகக் கத்தும், ஆர்பிஎம் ஏறும், "ஆகா" என்று இருக்கும். அடுத்த அரை மணியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சைலன்சரைத் திறந்த அன்றே கார்புரேட்டரில் 'எச்' திருகை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) திறந்துவிட்டே ஆக வேண்டும்.

ஒழுங்காக ட்யூன் செய்வது காதால் செய்யும் வேலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, பார் செயின் மாட்டியிருக்கும்போதே, இரண்டு மூன்று விநாடி முழு ரேஸ் கொடுங்கள். சத்தம் சுத்தமான கீச்சாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. 'எச்' திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே வாருங்கள், ஒரு கட்டத்தில் கரகர என்று தொண்டை கட்டின மாதிரி விட்டுவிட்டு அடிக்கும். அந்தக் கரகரப்பு மரத்துக்குள் பார் இறங்கியதும் மறைந்து சுத்தமாக ஓட வேண்டும், மரத்திலிருந்து எடுத்ததும் திரும்ப வர வேண்டும். அதுதான் சரியான இடம். மரத்துக்குள்ளும் கரகரத்தால் பெட்ரோல் கூடிவிட்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில மெஷின்களின் காயிலில் ஆர்பிஎம் எல்லை வைத்திருப்பார்கள், எல்லையைத் தொட்டதும் ஸ்பார்க்கை வெட்டும், அப்போது வரும் சத்தமும் இதே கரகரப்பு மாதிரியே இருக்கும். அதை நம்பி "பெட்ரோல் போதும்" என்று விட்டவர்கள் பிஸ்டன் வாங்கியிருக்கிறார்கள். பிளக் வயரில் சுற்றி ஆர்பிஎம் பார்க்கும் சின்ன டாக்கோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், கையேட்டில் போட்டிருக்கும் உச்ச ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். எம்-ட்ரானிக், ஆட்டோட்யூன் என்று வரும் புது மெஷின்களில் திருகே இருக்காது, அவையே ஓரளவுக்குச் சரிசெய்துகொள்ளும்.

அப்புறம், காதுக்கு மஃப். சாதாரண செயின் சாவே 110 டெசிபலைத் தொடும், திறந்த சைலன்சர் அதற்கும் மேல். பஞ்சு வைத்துக்கொள்வது கணக்கில் சேராது.

அண்ணா, நான் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் பிளாக் நிறைய போர்ட் பண்ணியிருக்கிறேன் (சிலிண்டர் துவாரங்களைக் கடைந்து பெரிதாக்குவது). செயின் சாவும் டூ ஸ்ட்ரோக்தானே, அதே வேலையை இதில் செய்தால் என்ன? எக்ஸ்பான்ஷன் சேம்பர் வைக்க முடியுமா?
(கோவை வாசகர்)

தம்பி, இந்தக் கேள்வி கோவையிலிருந்து வந்ததில் ஆச்சரியமே இல்லை. 1996இல் ஆர்எக்ஸ் 100 உற்பத்தியை நிறுத்தினார்கள், உங்கள் ஊர்ப் பட்டறைகள் மட்டும் நிறுத்தவில்லை.

டூ ஸ்ட்ரோக் அறிவு அப்படியே உதவும், கை வேலை உதவாது. ஆர்எக்ஸில் பிளாக் தனி, ஹெட் தனி. ஹெட்டை லேத்தில் கொடுத்து இழைத்தால் கம்ப்ரஷன் ஏறிவிடும். செயின் சாவில் இரண்டும் ஒரே வார்ப்பு. கம்ப்ரஷன் ஏற்ற வேண்டுமென்றால் சிலிண்டரின் அடிப்பாகத்தைக் கடைய வேண்டும், அதற்கு போருக்குள் (சிலிண்டரின் உள்துளை) இறுக்கமாகச் செருகும் மாண்ட்ரல் என்ற உருளை செய்துகொண்டு அதில் ஏற்றிப் பிடித்தால்தான் நேராக வரும். இன்னொன்று, ஆர்எக்ஸ் போர் வார்ப்பிரும்பு ஸ்லீவ், கீறினால் ஓவர்சைஸ் போர் செய்து அடுத்த பிஸ்டன் போடலாம். செயின் சா போர் அலுமினியத்தின் மேல் நிக்கல் அல்லது குரோம் பூச்சு, ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. பூச்சு போனால் சிலிண்டர் போனது. போர்ட் ஓரத்தில் கடையும் பிட்டை வைக்கும்போது பூச்சு செதில் செதிலாக உதிரும், வெளியிலிருந்து உள்ளே பார்த்துக் கடையாமல் போரிலிருந்து போர்ட்டுக்குள் போகிற திசையில் கடைய வேண்டும். போர் சின்னதாக இருப்பதால் நேர் கிரைண்டர் நுழையாது, பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி தலை மடங்கிய ஹேண்ட்பீஸ் தேவை.

தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது ஸ்குவிஷ் அளப்பது, அதாவது பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதற்கும் சிலிண்டர் தலைக்கும் ஓரத்தில் இருக்கும் இடைவெளி. ஈயக் கம்பியைப் பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும் வரை விட்டு, பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே இருக்கும்படி வைத்து, கையால் மேல் மட்டத்தைத் தாண்டச் சுற்றுங்கள். நசுங்கிய நுனியை வெர்னியரில் பாருங்கள். பல மெஷின்களில் ஒரு மில்லிக்குப் பக்கத்தில் இருக்கும், 0.5 மில்லி வரை கொண்டுவரலாம், அதற்குக் கீழே போக வேண்டாம். சிலிண்டர் அடியில் இருக்கும் பேஸ் கேஸ்கெட்டை எடுத்துவிட்டுச் சீலன்ட் மட்டும் போட்டாலே பல மெஷின்களில் இந்த அளவு கிடைத்துவிடும். ஆனால் சிலிண்டர் கீழே இறங்கினால் டைமிங்கும் (துவாரங்கள் திறந்து மூடும் நேரம்) மாறும்: எக்ஸாஸ்ட்டும் டிரான்ஸ்ஃபரும் (கலவை கீழிருந்து சிலிண்டருக்குள் ஏறும் துவாரம்) தாமதமாகத் திறக்கும், இன்டேக் முன்னால் திறந்து பின்னால் மூடும். டிகிரி வீல் (கோணம் காட்டும் வட்டு) மாட்டி முன்பும் பின்பும் எழுதி வைக்காமல் அரைக்கத் தொடங்கினால் நீங்கள் குருட்டு வேலை செய்கிறீர்கள்.

எக்ஸாஸ்ட் போர்ட்டை அகலப்படுத்துவதில் ஆசை வரும். என் முதல் போர்ட்டிங் அந்த ஆசையில்தான் போனது. 50 மில்லி போர், போர்ட்டை 36 மில்லிக்கு இழுத்துவிட்டேன், போதாதற்கு ஓரத்தைச் சரிவாக மழுக்கவும் இல்லை. முதல் நாள் நாலு தடிமனான புளியமரக் கிளைகளை வெண்ணெய் போல அறுத்தது, ஊரே கூடிப் பார்த்தது. இரண்டாம் நாள் பிஸ்டன் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கி மாட்டி, மூன்று துண்டாக உடைந்து, சிலிண்டர் பிஸ்டன் இரண்டையும் சேர்த்து முடித்துவிட்டது. அன்றிலிருந்து போரில் 65 சதவீதத்துக்கு மேல் அகலம் போனால் எனக்குத் தூக்கம் வராது. போர்ட்டின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் வளைவாக இருக்க வேண்டும், ரிங் தொடும் இடமெல்லாம் நுண்ணிய எமரியால் மழுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது நடுவில் பருத்த எக்ஸாஸ்ட் பைப், வேலை செய்யும், போட்டி மெஷின்களில் வைக்கிறார்கள். ஆனால் அது குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும்தான் உதைக்கும். தோப்பில் ஆர்பிஎம் ஒரு இடத்தில் நிற்காது, மரம் கெட்டியாகும்போது இறங்கும், இறங்கினதும் பைப்பின் உதவி போய்விடும். அதோடு நீளமான சூடான குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தில் ஏற முடியுமா? வேலைக்கு ஓடும் மெஷினுக்குக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும். ஆகவே எக்ஸாஸ்ட் உயரத்தைத் தொடாமல் இன்டேக்கையும் டிரான்ஸ்ஃபரையும் சுத்தம் செய்து, ஸ்குவிஷ் சரிசெய்து, சைலன்சரைத் திறந்தால் போதும். கம்ப்ரஷன் ஏறினால் ஸ்டார்ட்டர் கயிறு விரலைப் பிடுங்கும், டிகம்ப்ரஷன் வால்வு (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைப்பது) இருக்கிற மெஷினாகப் பாருங்கள்.

பழகுவதற்கு விலை உயர்ந்த மெஷினை எடுக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் சீன மெஷினில் பழகுங்கள். அதன் ஸ்டிக்கரில் 62 சிசி என்று போட்டிருந்தால் போரையும் ஸ்ட்ரோக்கையும் அளந்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

இப்போது பங்கில் வருவது எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல். செயின் சாவுக்கு அதைப் போடலாமா? ஆயில் எவ்வளவு?
(திண்டுக்கல் வாசகர்)

போடாமல் வேறு வழி பலருக்கு இல்லை. ஆனால் பல கம்பெனிகளின் கையேட்டில் 10 சதவீதம் எத்தனால் வரைதான் சம்மதம், நமக்குக் கிடைப்பது 20. எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும், ஆகவே அதே திருகு அளவில் கலவை மெலியும். பழைய பெட்ரோலுக்கு ட்யூன் செய்த மெஷின் இப்போது சூடாக ஓடும். 'எச்' திருகை மறுபடி பாருங்கள்.

அதைவிட மோசம் ஈரம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த அடுக்கில் நீங்கள் பெட்ரோலோடு கலந்த 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கிட்டத்தட்ட இருக்காது. உங்கள் பெட்ரோல் ஃபில்டர் கனமான தலையோடு எங்கே கிடக்கிறது? டேங்க் அடியில்தான். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து வையுங்கள், பழைய கலவையை மெஷினில் ஊற்றாதீர்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) விறைத்துப் போனால் கிட் மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

ஆயில்: கம்பெனி சொல்வது 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அது அவர்கள் சொல்லும் உயர்தர ஆயிலுக்கு. போர்ட் செய்த மெஷினுக்கு நான் 40க்கு 1 போடுகிறேன், லிட்டருக்கு 25 மில்லி, டப்பாவில் ஜாசோ எஃப்டி என்று எழுதியிருக்கும் ஆயில். "இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே" என்று கூட்டினால் ஆயில் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கலவையை மெலிய வைக்கும். அளவை மாற்றினால் ட்யூனிங்கும் மாற்ற வேண்டும். கண்மதிப்பில் ஊற்றுகிறவர்கள் மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரேஸ் விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்க மாட்டேன் என்கிறது. ஐடிலிங் திருகை எவ்வளவு திருப்பினாலும் ஒரு நாள் ஒரு மாதிரி.
(தென்காசி வாசகர்)

திருகைத் தொடாதீர்கள், மெஷினையும் இனி ஓட்டாதீர்கள். எங்கோ காற்று உள்ளே போகிறது. கிராங்க் ஆயில் சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர், பேஸ் கேஸ்கெட், இந்த மூன்றில் ஒன்று. எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் ரப்பர் வைத்து அடைத்து, 0.5 பார் (அழுத்தத்தின் அளவு) காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சீல்கள் சில சமயம் அழுத்தத்தில் தாங்கும், உறிஞ்சும்போது விடும், ஆகவே இரண்டு விதமாகவும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பிஸ்டன் கீறியிருந்தால் கீறலே கதை சொல்லும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் மெலிந்த கலவை. சுற்றிலும் கீறல் என்றால் யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள். வீட்டில் விசாரியுங்கள்.

என் வீட்டுக்காரர் லாரி பட்டறையில் வாங்கி வரும் கழிவு ஆயிலைத்தான் செயினுக்கு ஊற்றுகிறார். சட்டை முழுக்கக் கறுப்பு, துவைத்தாலும் போவதில்லை, அவருக்குக் கையெல்லாம் அரிப்பு. அது பரவாயில்லையா?
(மேட்டுப்பாளையம் வாசகி)

பரவாயில்லை இல்லை, அம்மா. ஊற்றுகிற ஆயில் எல்லாம் எங்கே போகிறது என்று அவரிடம் கேளுங்கள். செயின் சுழலும் வேகத்தில் அது பொடிப்பொடியாகத் தெறித்து அவர் சட்டையிலும் கையிலும் மூச்சிலும்தான் சேர்கிறது. ஓடித் தீர்ந்த ஆயிலில் உலோகத் தூளும், எரிந்த பெட்ரோலின் மிச்சமும் இருக்கும், தோல் புற்றுநோய் வரவைக்கும் சாமான்கள் அதில் உண்டு. உடம்பைச் சொன்னால் கேட்க மாட்டார் என்றால் காசைச் சொல்லுங்கள்: அந்த உலோகத் தூள் ஆயில் பம்பைத் தின்னும், அப்புறம் பாருக்கு ஆயில் வராது, பாரும் செயினும் நீலம் பாரித்துப் போகும். செயின் ஆயில் விலை கட்டுப்படியாகாவிட்டால் புதிய, சாதாரண 40 கிரேடு இன்ஜின் ஆயில் போதும். ஓடுகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு வெளிர் நிற மரக்கட்டைக்கு நேராகப் பிடித்து ரேஸ் கொடுத்தால் மெல்லிய கோடு விழ வேண்டும். சட்டைக்கு என்ன வழி என்று எனக்கு என் வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை.

தைல மரம் அறுக்கிறோம். 70 சிசி மெஷின், 3/8 செயின். ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டை (செயினை இழுக்கும் பல்சக்கரம்) எட்டாக மாற்றினால் வேகம் கூடுமாமே?
(புதுக்கோட்டை வாசகர்)

கூடும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3/8 செயினில் ஏழு பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்கு 133 மில்லிமீட்டர் செயினை நகர்த்தும். 10,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். எட்டுப் பல் என்றால் விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டும். பதிலுக்கு இழுவையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். 18 அங்குல பார், பச்சையான தைல மரம், கூரான செயின் என்றால் லாபம். 25 அங்குல பாரை முழுக்கப் புதைத்து அறுப்பவர்களுக்கு நஷ்டம், இன்ஜின் திணறி நிற்கும், கிளட்ச் புகையும்.

இதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம். கால் பாதுகாப்புப் பேன்ட்டுக்குள் இருக்கும் நார் செயினில் சுற்றிக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை நிறுத்துவதால்தான் கால் தப்புகிறது. அந்தப் பேன்ட்டுகளுக்கு வகுப்பு உண்டு: முதல் வகுப்பு விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துக்குச் சோதித்தது, இரண்டாவது 24, மூன்றாவது 28. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது முதல் வகுப்பு. உங்கள் எட்டுப் பல் மெஷின் இரண்டாம் வகுப்பையே தாண்டுகிறது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுப்பவர்களுக்கு எந்த வகுப்பும் கிடையாது.

செயின் பிரேக் அடிக்கடி தானாக விழுந்து வேலையைக் கெடுக்கிறது. கழற்றிவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்கிறார்)

கூடாது. அது தானாக விழுவது என்றால் ஒன்று உள்ளே தூள் அடைத்து ஸ்பிரிங் கெட்டிருக்கிறது, சுத்தம் செய்தால் சரியாகும். இல்லையென்றால் பார் நுனியின் மேல் கால்வாசிப் பகுதியால் மரத்தைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறீர்கள், மெஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறுகிறது, பிரேக் ஒவ்வொரு தரமும் காப்பாற்றுகிறது. வேகம் ஏற்றிய மெஷினில் அந்த எகிறலும் வேகமாகவே வரும்.

வெளிநாட்டுப் போட்டியில் பைக் இன்ஜின் மாதிரி ஒன்றைக் கையில் தூக்கி மரத்தை நொடியில் அறுக்கிறார்கள். வீடியோ பார்த்தேன். உண்மையா?
(மதுரை வாசகர்)

உண்மைதான். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய டிம்பர்ஸ்போர்ட்ஸ் போட்டியில் 'ஹாட் சா' என்று ஒரு பிரிவு. 46 சென்டிமீட்டர் குறுக்களவு மரத்தில் மூன்று வில்லைகளை முழுசாக அறுத்து எடுக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து 15 சென்டிமீட்டர் அகலத்துக்குள். மெஷின் அவரவர் தயாரித்தது. பனியில் ஓட்டும் வண்டியின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை எடுத்து, பைப் வைத்து, 60 குதிரைத் திறனுக்கு மேல் ஏற்றி, 25 கிலோவுக்கும் அதிகமான எடையோடு தூக்கிப் பிடிப்பார்கள். செயின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. ஓட்டம் ஏழெட்டு விநாடியில் முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே தெரியுமா? இன்ஜினை ஆஃப் செய்து வைத்து, சைகை கொடுத்த பிறகுதான் இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். எத்தனையோ மெஷின்கள் அங்கேயே அடம்பிடித்து மானத்தை வாங்கிவிடும். போட்டிக்குள் போட்டியாக 'ஸ்டாக் சா' என்ற இன்னொரு பிரிவும் உண்டு, அதில் எல்லோருக்கும் கடையில் கிடைக்கும் அதே மாடல், மாற்றம் எதுவும் கூடாது. எனக்கு அதுதான் பிடிக்கும். கை யாருக்கு இருக்கிறது என்று அதில் ஒளிக்க முடியாது.

மழைக்காலத்தில் மூன்று மாதம் மெஷின் சும்மா கிடக்கும். என்ன செய்து வைக்க வேண்டும்?
(கூடலூர் வாசகர்)

டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள். சிலிண்டர் கவரைக் கழற்றி, கூலிங் ஃபின் நடுவே இறுகிக் கிடக்கும் தூளை மூங்கில் குச்சியால் நோண்டி எடுங்கள், போர்ட் செய்த மெஷின் சூட்டில் சாவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தூள். ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். செயினை ஆயிலில் ஊறப்போட்டுவிட்டு மெஷினை எலி ஏறாத இடத்தில் வையுங்கள். கூடலூர் எலி பெட்ரோல் டியூப்பைக் கடித்துப் போட்ட மெஷின் ஒன்று இப்போதுகூட என் மேசையில் இருக்கிறது.